சுவர், ஷட்டர், கண்ணாடி: ஒரே கடைக்கு மூன்று எழுத்து வேலை

"கடைப் பேர் எழுதணும், ஒரு நாள் வேலைதான்" என்று போன் வந்தால், முதலில் கேட்க வேண்டியது "எதன் மேல்?" என்றுதான். தனியாகத் தொழில் செய்யும் ஓவியருக்கு வரும் சில்லறை வேலைகள் பல இப்படித்தான் இருக்கும். பக்கச் சுவரில் பெரிதாகப் பெயர், ஷட்டரில் போன் நம்பர், கண்ணாடிக் கதவில் சின்னதாக ஒரு வரி. கேட்பவருக்கு எல்லாம் எழுத்துதான். செய்பவருக்கு அது மூன்று தனி வேலை. பெயிண்ட் வேறு, அடிப்பூச்சு வேறு, காயும் நேரம் வேறு. கண்ணாடியிலோ நிறங்கள் ஏறும் வரிசையே தலைகீழ்.

போனில் எதையும் ஒத்துக்கொள்ளாமல் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அளவு டேப், ரசமட்டம், மாஸ்கிங் டேப், ஒரு பாலித்தீன் தாள், இவை போதும். முதலில் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவாக ஒட்டினால் பழைய பூச்சு பொடிந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் எதை அடித்தாலும் அந்தப் பொடியோடு சேர்ந்து உரிந்து விழும். அடுத்து மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பழைய பெயிண்ட் செதிலாகக் கூடவே வந்தால் சுரண்டும் வேலையும் உண்டு. ஈரம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஒட்டிவிட்டு, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் எழுத்து வேலையை ஆரம்பிக்கக் கூடாது. கசிவு எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் அடைக்க வேண்டும். அது நம் வேலை இல்லை, ஆனால் சொல்வது நம் கடமை. சொல்லாமல் எழுதிவிட்டால், கொப்புளம் கிளம்பும் நாளில் பெயிண்டரைத்தான் தேடுவார்கள்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கழுவத் தோன்றும். கழுவாதீர்கள். தண்ணீரில் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுப்பதே சரி. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் என்றால் சுமார் 28 நாள் ஆற வேண்டும். புதுச் சிமென்டின் காரத்தன்மை எண்ணெய் கலந்த எனாமலைத் தாக்கி, அதைச் சோப்பு மாதிரிப் பிசுபிசுப்பாக்கிவிடும். "எனாமல்தான் பளபளன்னு இருக்கும், அதையே அடிங்க" என்று வாடிக்கையாளர் எவ்வளவு சொன்னாலும், சிமென்ட் சுவருக்கு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன்தான். பளபளப்பு வேண்டுமென்றால் எமல்ஷனிலேயே பளபளப்பு வகை வாங்கலாம்.

இந்தச் சோதனைகளை முடித்த பிறகே விலை பேச வேண்டும். விலைப்பட்டியலில் சுவர் தயாரிப்புக்குத் தனி வரி, பொருளுக்குத் தனி வரி, எழுத்துக்குத் தனி வரி. எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னால், பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத சுரண்டலும் பிரைமர் எனும் அடிப்பூச்சும்தான். வேலையின் ஆயுளே அந்த இரண்டில் இருக்கிறது. பொருளுக்கான பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

பிறகு வாசகம். வாயால் சொன்னதைக் கேட்டு எழுதவே கூடாது. தாளில் எழுதி வாங்கி, அதைத் திருத்தி, அவர் கையெழுத்தோ செய்தியில் "சரி" என்ற பதிலோ வாங்க வேண்டும். "துணி கடை"யா "துணிக்கடை"யா, "பழுது பார்க்கபடும்" என்று ஒற்று விட்டிருக்கிறதா, ளகரமா ழகரமா என்பதெல்லாம் தாளில் திருத்தினால் ஒரு நிமிடம், சுவரில் திருத்தினால் அரை நாள். ஆனால் ஆள் பெயரை மட்டும் இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே. போன் நம்பர் இருந்தால், தாளில் உள்ளதைப் பார்த்து அவர் எதிரிலேயே அழைத்துப் பாருங்கள். மணி அவருடைய போனில் அடித்தால்தான் அந்த நம்பர் ஷட்டருக்குப் போகலாம்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் வசதியாகப் படிக்கலாம். சாலையின் எதிர்ப்பக்கம் 12 மீட்டர் தள்ளி இருந்தால் 10 செ.மீ. எழுத்து. இது ஆங்கிலப் பெரிய எழுத்தை மனதில் வைத்த கணக்கு. தமிழில் இந்த உயரத்தை எழுத்தின் உடம்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். மேலே 'கி', 'கீ' ஆகியவற்றின் வளைவும் சுழியும் புள்ளியும், கீழே 'ஞ', 'ழ', 'மு', 'கூ' ஆகியவற்றின் இறக்கமும் இதற்கு வெளியே இடம் கேட்கும். 10 செ.மீ. உடம்புக்கு மேலே 4, கீழே 4 என்று 18 செ.மீ. பட்டை ஒதுக்கிவிட்டால் நெருக்கடி வராது. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய பட்டையில் தமிழைத் திணிக்கும்போதுதான், மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் புள்ளியில் போய் முட்டி நிற்கும்.

அகலத்தை எழுத்துகளை எண்ணிக் கணக்கிட முடியாது. 'ர' ஒரு பங்கு என்றால் 'ண' இரண்டு பங்குக்கு மேல் போகும், 'ணை' இன்னும் நீளும். முழுப் பெயரையும் ஒருமுறை தாளில் அளவோடு வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. இடப்பக்கம் தாராளமாக ஆரம்பித்து, கடைசி இரண்டு எழுத்து குச்சியாக நசுங்கி நிற்கும் பெயர்கள் எல்லாம் இந்தப் படியைத் தாண்டியவர்கள் எழுதியவை.

சுவரில் கோடு போடும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை பெரும்பாலும் சரிவாக இருக்கும். ரசமட்டமோ நீர்க்குழாய் மட்டமோ வைத்து இரண்டு முனையையும் குறித்துவிட்டு, பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட வேண்டும். நூலுக்கு நீலச் சாக்பீஸ் பொடி நல்லது, துடைத்தால் போய்விடும். சிவப்புப் பொடி சுவரில் கறையாகத் தங்கிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே உள்ள ஜன்னல் மட்டமோ சன்ஷேடோ கோணலாக இருந்தால், மட்டமாகப் போட்ட நம் கோடுதான் சாய்ந்த மாதிரித் தெரியும். அப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வைத் தேர்ந்து, தள்ளி நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரசமட்டம் சொல்வது உண்மைதான், ஆனால் படிப்பவர் கண்தான் தீர்ப்பு சொல்லும்.

தாளில் வரைந்ததைச் சுவருக்கு மாற்ற, ஓரக்கோடு முழுக்க ஊசியால் 3 மி.மீ. இடைவெளியில் துளை போட்டு, தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துளைகளைத் திறக்க வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய மெல்லிய துணி மூட்டையால் தட்டினால் புள்ளிக்கோடு இறங்கும். புரொஜெக்டர் இருந்தால் அதுவும் சரி, ஆனால் சுவருக்கு நேர் எதிரே நடுவில் நிற்க வேண்டும். எழுத்தோடு ஒரு செவ்வகத்தையும் சேர்த்துக் காட்டி, அதன் எதிரெதிர்ப் பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இவற்றில் எந்த ஜோடியாவது ஒரே நீளமாக இல்லாவிட்டால் எழுத்து ஒரு பக்கம் வீங்கியோ சாய்ந்தோ இருக்கிறது.

புள்ளிக்கோடு இறங்கியதும் முழுப் பெயரையும் சாக்பீஸால் வரைந்துவிட்டு, பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். போகிறவர்கள் நின்று சத்தமாகப் படிப்பார்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அங்கே எழுத்து தெளிவாக இல்லை, அல்லது பிழை இருக்கிறது. பின்னால் நின்று படிப்பவர்கள் தொந்தரவு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அவர்கள்தான் மெய்ப்புத் திருத்துபவர்கள்.

வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான சுவரில் அவ்வளவு வராது. பின்னணிக்கு இரண்டு பூச்சு என்று கணக்கிடுங்கள். வெயில் நேராக விழும்போது எழுத வேண்டாம். பிரஷ் இழுபடும், ஓரம் கிழிந்த மாதிரி வரும். நிழல் எந்தப் பக்கம் எப்போது வரும் என்பதைப் பார்க்கப் போன அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். நேரான ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், முதலில் டேப் விளிம்பில் பின்னணி நிறத்தையே மெல்லியதாக ஒருமுறை இழுங்கள். கசிவது அந்த நிறமாக இருக்கும், பிறகு அடிக்கும் எழுத்து நிறம் கத்தி வெட்டாக நிற்கும். பெயிண்ட் முழுதும் காய்வதற்குள் டேப்பை எடுத்துவிட வேண்டும். நிறத்தில் ஒரு எச்சரிக்கை. பளீர் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளிறும், வெள்ளை கலந்தால் இன்னும் சீக்கிரம். செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் தாங்கும்.

உயரத்துக்கு ஏணி என்றால் நாலுக்கு ஒன்று: 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் ஏணியில் நின்று நீளமான பெயரை எழுத முயலாதீர்கள். கை எட்டும் வரை எழுதி, இறங்கி, ஏணியை நகர்த்தி மறுபடி ஏறினால் ஒவ்வொரு இணைப்பிலும் எழுத்தின் சாய்வு மாறியிருக்கும். சாரம் கட்டச் சொல்லுங்கள்.

இனி ஷட்டரும் கண்ணாடியும். இங்கேதான் பெரிய குழப்பம். ஷட்டரை மூடினால்தான் அதில் எழுத முடியும். மூடினால் கடை நடக்காது, கண்ணாடிக் கதவும் அதற்குப் பின்னால் போய்விடும். கண்ணாடியில் எழுத ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதனால் முதல் நாள் கடை திறந்திருக்கும்போது கண்ணாடி, அடுத்து சுவர், கடைசியாக விடுமுறை நாளில் ஷட்டர். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். ஆனால் ஷட்டரைச் சுருட்ட அது போதாது. சுருளுக்குள் பெயிண்டும் பெயிண்டும் அழுந்தி ஒட்டிக்கொண்டு, மறுநாள் இறக்கும்போது எழுத்து பிய்ந்து வரும். குறைந்தது ஒரு முழு நாள் மூடியே இருக்க வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய புதுத் தகட்டில் எனாமலை நேராக அடித்தால், துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் பிடிப்பு போய்விடும். சில மாதத்தில் தாள் மாதிரி உரியும். அதற்கென்று உள்ள பிரைமர் கட்டாயம். அதற்கும் முன்னால் கிரீஸைத் துடைக்க வேண்டும். பக்கத் தடத்திலிருந்து வழிந்த கிரீஸ் ஓரப் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். வடிவமைக்கும்போது பட்டைகளின் இணைப்புக் கோடுகளை அளந்து தாளிலும் போட்டுக்கொள்ளுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அந்தப் பள்ளத்தில் விழுந்தால் காணாமல் போகும், "கண்" என்பது "கண" ஆகிவிடும். எழுத்தை அரை அங்குலம் ஏற்றியோ இறக்கியோ புள்ளியைப் பட்டையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பூச்சு மெல்லியதாக இரண்டு முறை. தடிமனாக அடித்தால் சுருளும்போது உரசிப் போகும்.

கண்ணாடியில் எழுத்து உள்பக்கம். வெளியே எழுதினால் துடைக்கிறவர் கையாலேயே போய்விடும். தாளைத் திருப்பி வரையத் தேவையில்லை. வெளிப்பக்கம் நேராக ஒட்டி, உள்ளே போய்ப் பார்த்தால் தானே இடவலம் மாறித் தெரியும், அதைப் பின்பற்றினால் போதும். நிற வரிசைதான் மாறும். சுவரில் நிழல், எழுத்து, கடைசியில் ஓரக்கோடு என்று போகும். இங்கே ஓரக்கோடு முதலில், அது காய்ந்ததும் எழுத்து, அதன் பின்னால் நிழல். பழக்க தோஷத்தில் எழுத்தை முதலில் அடித்துவிட்டால், பிறகு போடும் ஓரக்கோடு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எழுதும் முன் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ன', 'ண' சுழிகளைத் திருப்பி எழுதும்போது ஒரு சுழி குறைவது சாதாரணமாக நடக்கும். ஒவ்வொரு சொல்லையும் முடித்ததும் வெளியே வந்து படித்துவிட்டே அடுத்த சொல்லுக்குப் போங்கள். ஓரம் பிசிறினால் பெயிண்ட் காயத் தொடங்கியதும் புது பிளேடால் வெட்டிச் சரிசெய்யலாம். சுவரில் கிடைக்காத இந்தச் சலுகையால்தான் கண்ணாடி வேலை கைக்கு இவ்வளவு சுகமாக இருக்கிறது.

கிளம்பும் முன், கலந்த நிறங்களில் கொஞ்சத்தை மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் ஊற்றி, கலந்த அளவையும் தேதியையும் மேலே எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் எங்காவது கீறல் விழுந்தால் அதே நிறம் கையில் இருக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரு வாரத்துக்குத் துடைக்க வேண்டாம், அதன் பிறகும் எழுத்து உள்ள இடத்தில் ஈரத் துணி மட்டும் என்று, கடையைப் பெருக்கித் துடைக்கிறவரிடமே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.