ரப்பர் விளையில் கத்தி பட்டால், பக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால்

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு இருட்டோடு போவதுதான் வழக்கம். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல், பால் நன்றாக ஓடும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் இரண்டு பேர் இருந்தாலே பெரிது. ஈரச் சருகில் கால் வழுக்கினால் வெட்டுக்கத்தி தொடையிலோ கையிலோ இறங்கும். முனை வளைந்த கத்தி என்பதால் வெளியே சின்ன வாய், உள்ளே ஆழம். மேலாகப் பார்த்துவிட்டு "சாரமில்லை" (பரவாயில்லை) என்று சொல்லத் தோன்றும். சிந்தின இரத்தத்தைச் சருகு குடித்துவிடுவதால் அளவும் தெரியாது. தலைவிளக்கைக் காயத்துக்கு நேரே காட்டிப் பாருங்கள். விட்டுவிட்டுப் பீச்சினாலோ, துடைக்கத் துடைக்க நிரம்பினாலோ அவசரம்தான்.

ஆள் கூப்பிட ஓடுவதுதான் பெரிய தப்பு. தொடையின் பெரிய தமனி (இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) அறுந்திருந்தால், நீங்கள் ரோட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும். கை முதலில் காயத்துக்கு, பிறகுதான் போனுக்கு.

படுக்க வையுங்கள். சாரத்தை (லுங்கியை) கிழித்தாவது காயத்தைத் திறந்து பாருங்கள். துவர்த்தை (துண்டை) மடித்து வைத்து, முழங்காலிட்டு, முழங்கையை மடக்காமல் உடம்புப் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்குகிறமாதிரி அழுத்துங்கள். 10 நிமிடம் எடுக்கக்கூடாது. நின்றுவிட்டதா என்று இடையிடையே தூக்கிப் பார்த்தால், உறைந்து வருவதும் கலைந்துபோகும். அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவர் கையையே அதன்மேல் வைத்து அழுத்தச் சொல்லி, அந்த இடைவெளியில் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். உங்கள் கம்பெனிக்குச் சிக்னல் இல்லாவிட்டால் 112 போட்டுப் பாருங்கள். அங்கே வேறு எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும்.

விளைக்குள் ஆம்புலன்ஸ் வராது. ஊராட்சி, பக்கத்து ஜங்ஷன், குருசடியோ (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) கோவிலோ பள்ளிக்கூடமோ ஒரு அடையாளம், தார் ரோட்டிலிருந்து எத்தனை நிமிட நடை, இவ்வளவும் சொல்லுங்கள். "இன்னார் விளை" என்றால் ஊர்க்காரருக்குத்தான் புரியும்.

அழுத்தியும் நனைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் துணி மேலே கிடக்கிறது, இரத்தம் வரும் இடம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான துணியை விரலால் காயத்தின் அடிவரை திணித்து நிரப்பி, அதன்மேல் அழுத்த வேண்டும். அலறுவார், விடக்கூடாது.

அதற்கும் அடங்காதது கையிலோ காலிலோ என்றால் மட்டும் இறுக்குக் கட்டு. துவர்த்தை 2 அங்குல அகலப் பட்டையாக மடித்து, காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றி ஒரு முடிச்சு. பெருவிரல் தடிமனில் முறியாத கம்பு வைத்து இன்னொரு முடிச்சு. இரத்தம் நிற்கும்வரை கம்பைத் திருகி, அது திரும்பாமல் கட்டிவிடுங்கள். கயிறும் கம்பியும் தசையை அறுக்கும், உள்ளே தமனியைச் சரியாக மூடாது. பாதி இறுக்கம் அதைவிட மோசம்: இரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், திரும்புகிற குழாய் மட்டும் அடைபட்டு, ஒழுக்கு கூடும். வலி கடுமையாக இருக்கும். இரங்கித் தளர்த்த வேண்டாம். கட்டின நேரத்தைக் குறித்துவையுங்கள். பாம்புக்கடிக்கு மட்டும் இந்தக் கட்டு எந்தக் காரணத்துக்கும் ஆகாது.

காப்பிப்பொடி, மஞ்சள், கசக்கிய பச்சிலை எதுவும் வேண்டாம். முகம் வெளிறி, வியர்வை குளிர்ந்து, பேச்சு குழறினால் இரத்தம் அதிகம் போயிருக்கிறது. தண்ணீர் கேட்பார். நாக்கை நனைக்கலாம், குடிக்கக் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். மழைக்கோட்டு இருந்தால் அடியில் விரியுங்கள், குளிர்ந்த தரையும் சூட்டை இழுக்கும்.

எந்த டவரும் கிடைக்கவில்லை, கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்றால் விட்டுப் போய்த்தான் ஆகவேண்டும், ஆனால் இரத்தம் நின்று கட்டு உறுதியான பிறகு. நினைவு இல்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைவிளக்கை எரியவிட்டு அவர் பக்கத்துக் கிளையில் மாட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தேட வேண்டாம், இருட்டில் ரப்பர் வரிசை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தக்கலை ஆஸ்பத்திரியோ ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியோ என்பதை 108 ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒப்படைக்கும்போது கட்டின நேரத்தைச் சொல்லுங்கள். காயத்துக்குள் எத்தனை துணி வைத்தீர்கள் என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் தையல் போட்ட பிறகு சீழ் பிடிக்கும்.