தங்கக் கம்பி

வேலையும் பட்டப்படிப்பும் சேர்ந்த பயிற்சியில் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். மலேசியாவின் பினாங்கில் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி. சம்பளத்தோடு படிப்பு.

இன்று, சிப்பில் மெல்லிய கம்பியை ஒட்டி இணைக்கும் வயர் பாண்டிங் மெஷின் அடிக்கடி நின்றது. 25 மைக்ரோன் தங்கக் கம்பி, தலைமுடியைவிட மெல்லிசு, அறுந்துகொண்டே இருந்தது. நான் செட்டிங்கையே தேடிக்கொண்டிருந்தேன். சீனியர் அண்ணன் மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் தள்ளி, "முதல்ல முனையைப் பாரும்மா" என்றார். கம்பி இறங்கும் நுண்குழாயான கேப்பிலரியின் முனையில் அழுக்கு படிந்திருந்தது. மாற்றியதும் ஓடியது! வகுப்பில் இதைப் படித்தேன். கண்ணால் பார்த்தது இன்றுதான்.

அம்மா இதே பேட்டையில் 18 வருஷம் ஆப்பரேட்டர். ராத்திரி ஷிப்ட் பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப எத்தனை பாண்டுக்கு ஒருதரம் கேப்பிலரி மாத்துறீங்க?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம்.