ஏற்காட்டு அந்தியும் ஒரு சிறிய கேமராவும்

சேலத்தில் வளர்ந்த எங்களுக்கு ஏற்காடு பகலில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிற மலை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அந்த மலை தரும் மிக அழகான காட்சியைப் பல ஆண்டுகள் நாங்கள் பார்க்காமலேயே திரும்பியிருக்கிறோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையை ஒட்டிய சாலையோரத்தில் நின்றால், கீழே சேலம் நகரம் தெருத்தெருவாக விளக்கேற்றிக்கொள்வதை முழுமையாகப் பார்க்கலாம். அதைப் படமெடுப்பதற்காகவே கடந்த மூன்று தை மாதங்களிலும் மலையேறினேன். கையில் இருந்தது பழையதாக வாங்கிய சோனி ஆர்எக்ஸ்100 மட்டுமே. 2012இல் வெளிவந்த, பேட்டரியோடு சேர்த்து 240 கிராம் எடையுள்ள, சட்டைப்பையில் அடங்கிவிடும் கேமரா அது.

முதல் ஆண்டுப் படங்கள் எனக்கு மனநிறைவு தரவில்லை. நிலக்காட்சிக்கு லென்ஸின் ஒளித்துளையை எஃப் 11 வரை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) சுருக்க வேண்டும் என்று பெரிய கேமராக்காரர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றியிருந்தேன். மலைமுகடும் மரங்களும் மெல்லிய துணி வழியே பார்த்ததுபோல மழுங்கித் தெரிந்தன. லென்ஸில்தான் குறை என்று முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இந்தக் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் சில்லு, 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் கொண்டது, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள முழுச்சட்டகக் கேமராவின் சென்சார் பரப்பில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவுவதைப் பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். சென்சார் சிறியதாக இருக்கும்போது அந்தப் பரவல் படத்தில் மிக விரைவில் வெளிப்பட்டுவிடுகிறது. இதில் எஃப் 8 வைத்தாலே, அது முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 22 வைத்ததற்கு இணையான மழுங்கலைத் தரும்.

ஆனால் அதே சிறிய சென்சார் இன்னொரு பக்கம் பெரிய வசதியைத் தருகிறது. அகலக் கோணத்தில் இந்த லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 10.4 மி.மீ. மட்டுமே. எஃப் 4இல் வைத்து, இரண்டரை மீட்டர் தொலைவில் இருக்கும் ஒன்றின்மீது ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். காலடிப் பாறையும் காப்பித் தோட்டத்துச் சவுக்கு மரமும் தொலைவில் இருக்கும் நகரமும் ஒரே படத்தில் கூர்மையாக அமைய, துளையைச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை. பெரிய கேமராவின் விதிகளைச் சிறிய கேமராவின்மீது ஏற்றாமல், அதற்கே உரிய கணக்கைக் கற்றுக்கொண்டால் அது நம்மைக் கைவிடுவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்து நிலக்காட்சி எதற்கும் எஃப் 5.6ஐத் தாண்டியதில்லை.

அடுத்து நான் கற்றுக்கொண்டது நேரத்தைப் பற்றியது. சூரியன் மறைந்தபின் வானம் அடர்நீலமாக இருக்கும் பொழுதை ஆங்கிலக் கட்டுரைகள் ஒரு மணி நேரம் என்றே குறிப்பிடுகின்றன. நம் ஊர் ஏறக்குறைய 12 பாகை அட்சரேகையில் இருப்பதால் இங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தியின் முதற்பகுதி இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதிலும் வானத்தின் வெளிச்சமும் நகர விளக்குகளின் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பது பத்து நிமிடங்கள் இருந்தால் அதிகம். அதற்கு முன் எடுத்தால் விளக்குகள் சோர்ந்து தெரியும்; பின்னால் எடுத்தால் மலையின் வரைகோடு இருட்டில் கரைந்துவிடும். ஆகவே சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே ட்ரைபாடை நிறுத்தி, சட்டகத்தை முடிவு செய்து, வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸைச் சரிபார்த்து, அதைக் கைமுறைக்கு மாற்றி வைத்துவிடுகிறேன். இருட்டியபின் தானியங்கி ஃபோகஸை நம்பினால் அது முன்னும் பின்னும் தேடியே நமக்குக் கிடைத்த சில நிமிடங்களையும் வீணாக்கிவிடும்.

அந்தப் பத்து நிமிடங்களில் எனக்குச் சரியாக வந்த அளவுகள் இவை: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 125, எஃப் 4, ஷட்டர் நான்கு நொடியில் தொடங்கி இருட்ட இருட்ட எட்டு, பதினைந்து நொடி வரை. ஜூமை நான் தொடுவதில்லை. அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் இந்த லென்ஸ், முழு ஜூமில் எஃப் 4.9 வரை மட்டுமே திறக்கிறது. அதாவது ஏழில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். இரவில் அந்த இழப்பைத் தாங்க முடியாது. ஷட்டர் பொத்தானை விரலால் அழுத்தும்போது ஏற்படும் அதிர்வைத் தவிர்க்க இரண்டு நொடி டைமர் போதும். எடை குறைந்த கேமராவுக்கு எடை குறைந்த ட்ரைபாட் போதுமானதுதான் என்றாலும், மலைக்காற்றில் அது நடுங்கும். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டு, கேமராவின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்ட பிறகுதான் என் படங்களில் விளக்குகள் புள்ளியாக நின்றன.

இன்றைய கைப்பேசிகள் இரவுப் படங்களை நன்றாகவே எடுக்கின்றன என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் விளக்குகள் வளைவுக்கு வளைவு சிவப்பு நூலாகச் சுற்றிவர, முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நீண்ட ஒளிபதிவில் படத்தில் படியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், முப்பது நொடிப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு முப்பது நொடி இருட்டைப் பதிவு செய்துகொண்டு நம்மைக் காக்க வைக்கும். அந்தி வேளையில் அதை அணைத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவாக) ஒன்பது படங்களை அடுத்தடுத்து எடுத்து, பிறகு கணினியில் சராசரி காண்கிறேன். நகர்வன நகர்ந்தாலும் மலையும் கட்டடங்களும் அசைவதில்லை. அவற்றின்மீது படிந்த இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இவ்வாண்டு தை மாதத்தில், ஒன்பது மணி சுமாருக்கு, நகரத்து ஒளிமூட்டத்துக்கு மேலே தெற்கு வானில் அகத்திய விண்மீன் (கனோபஸ்) ஏறி நின்றது. வானில் இரண்டாவது மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான் என்பதால், சேலத்தின் வெளிச்சத்தால்கூட அதை மறைக்க முடியவில்லை. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 200, பத்து நொடி என்று வைத்து எடுத்தேன். பதினெட்டு நொடியைத் தாண்டினால் இந்தக் கோணத்தில் விண்மீன்கள் கோடாக இழுபடத் தொடங்கும்; பத்தில் அது வெண்புள்ளியாகவே நின்றது.

அந்தப் படத்தை 12க்கு 18 அங்குல அளவில் அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா அதை ஜன்னலோரம் கொண்டுபோய், அகத்தியரை ஒரு நொடி பார்த்துவிட்டு, அஞ்சு ரோடு எது, ஜங்ஷன் எது என்று விளக்குகளுக்கு நடுவே விரலால் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.