முட்டினால் சொல்லச் சொன்னார்கள்

அம்மாவுக்கு யூரோடைனமிக் டெஸ்ட், அதாவது மூத்திரப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் டெஸ்ட், ஒருவழியாக முடிந்துவிட்டது. பல வருடச் சர்க்கரை. ஒன்றுக்குப் போய் வந்த பிறகும் மூத்திரப்பையில் 300 மில்லி தங்குவதாக ஸ்கேனில் தெரிந்ததால் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் தடவை கவுன்டரோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் இல்லையாம். கிருமி இருக்கும்போது குழாய் போட்டால் தொற்று ரத்தத்தில் ஏறிவிடலாம், அதனால் கேட்கிறார்கள், சரி. நாள் குறிக்கும்போதே போனில் சொல்லியிருக்கலாமே? கல்ச்சர் வர இரண்டு மூன்று நாளாகும், முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த தடவை நடந்ததுதான் கொடுமை. முதலில் யூரோஃப்ளோ, பை நிறைந்ததும் மூத்திரம் போகும் வேகத்தை அளக்கும் மெஷினில் போக வேண்டும். "நல்லா தண்ணி குடிங்கம்மா, முட்டினா சொல்லுங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். முட்டுவதே தெரியவில்லை என்றுதானே வந்திருக்கிறோம்! எத்தனை சொல்லியும் அங்கே வேலை பார்த்த பெண் காதில் வாங்கவில்லை. கடைசியில் புடவை நனைந்த பிறகுதான் ஓடி வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அம்மா கூசி நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டிலும் உணர்வு குறைந்தவர் இருந்தால், ஸ்கேன் வைத்து அளவு பார்த்துக் கூப்பிடச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

டெஸ்டில் மூத்திரப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. வயிற்றின் அழுத்தத்தைத் தனியாக அளந்து கணக்கிலிருந்து கழிக்க அந்த இரண்டாவது தேவை. பெரியவர்களிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் பதறிவிடுவார்கள்.

அப்புறம் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் சலைன் (உப்பு நீர்) ஏற்றினார்கள். பொதுவாக 150 முதல் 250 மில்லிக்குள் முதல் உணர்வு வந்துவிடும். அம்மாவுக்கு 500 தாண்டியும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கிராஃபைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பை விரிவதை ஏ-டெல்டா என்ற நரம்பிழைகள் உணர்ந்து, இடுப்பு நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் எஸ்2–எஸ்4 பகுதிக்குச் சேதி அனுப்புமாம். வலி, எரிச்சல் போன்றவற்றைப் பெரும்பாலும் சி இழைகள் கொண்டுபோகும். சர்க்கரை இந்த இழைகளைக் கெடுத்திருக்கிறது. சேதி போகாததால் பை விரிந்து விரிந்து தளர்ந்தும் விட்டது. "வயசானா அப்படித்தான், சோம்பல்பட்டு எழுந்து போகமாட்டேங்கிறாங்க" என்ற சொந்தக்காரர்களிடம் அந்தக் கிராஃபைக் காட்டினேன். அம்மா முகத்தில் அப்படியொரு நிம்மதி!

இப்போது உணர்வுக்குக் காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துப் போகிறார். மிச்சத்தை எடுக்கக் குழாய் போடவும் சிஸ்டர் கற்றுக்கொடுத்துவிட்டார். டெஸ்ட் முடிந்து ஒன்றிரண்டு நாள் லேசாக எரியும். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.