பத்தொன்பது பற்கள்

செப்டெம்பர் 21, ஞாயிறு
கார் மீற்றரில் 387,412 கிலோமீற்றர்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலைக்குப் போய்வர நாளுக்கு 90. கல்கரிக்கு ஓடிப்போய்ச் சேர 3,400. கடைசியாக டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் பட்டி) மாற்றியது 291,000-இல். இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தவணை முடியப்போவது வினிபெக் அடியில். போய்ச் சேர்ந்தபிறகு மாற்றலாம் என்று ஒரு மனம் சொன்னது. இல்லை. இங்கேயே, என் கையால்.

செப்டெம்பர் 22, திங்கள்
"காரை ரெயினில ஏத்தி அனுப்பலாமாம் பிள்ளை, கேட்டுப் பார்" என்றா அம்மா. பேசாமல் இருந்துவிட்டேன்.

செப்டெம்பர் 24, புதன்
விடிய நெடுஞ்சாலை 401-இல் நெரிசல். முதல் கியர் விழவில்லை. கிளச் பெடலை இரண்டு தரம் மிதித்தபிறகுதான் விழுந்தது. பின்னுக்கு லொறி ஒன்று. கை நடுங்கியது.
பின்னேரம் பொனற்றைத் திறந்தேன். கிளச் எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, கோப்பி நிறம். காருக்கடியில் படுத்து, கியர்பெட்டியின் பக்கத்தில் இருந்து கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் றப்பர் மூடியை விலக்கிப் பார்த்தேன். ஈரம். இந்த மஸ்டா மியாட்டாவின் பரம்பரை வியாதி இது. 1996 மொடல், நான் வாங்கிய பிறகு இது மூன்றாவது ஸ்லேவ். கீழே புதுசு போட்டால் மேலே, பெடலோடு இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரின் சீல் தாங்காது. இந்தமுறை இரண்டையும் மாற்றுவது.

செப்டெம்பர் 27, சனி
இரண்டும் மாற்றியாச்சு. கீழ் போல்ட் உப்பில் இறுகி, அசைய ஒரு மணித்தியாலம்.
கிளச் குழாயிலிருந்து காற்று எடுக்க இரண்டுபேர் வேணும். அம்மாதான் வந்தா. அந்தச் சீற் நிலத்தோடு நிலமாக இருக்கும். கதவைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, மெல்ல இறங்கி இருந்தா. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தா.
"அமத்துங்கோ."
"அமத்திட்டன்."
"பிடியுங்கோ... விடுங்கோ."
முதலில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு கறுப்பு. பிறகு தேன் நிறம். நாற்பது தரமாவது மிதித்திருப்பா. முழங்கால் நோகுது என்று ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில், மேலிருந்து, "அங்க ஆர் பிள்ளை உனக்கு இப்பிடி அமத்துவினம்?"
நான் காற்று விடும் நிப்பிளை இறுக்கிக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒருக்கா அமத்துங்கோ அம்மா" என்றேன். தேவை இருக்கவில்லை.

செப்டெம்பர் 30, செவ்வாய்
388,042. கிளச் நல்லாயிருக்கு.

ஒக்டோபர் 4, சனி
விடிய ஏழு மணிக்குத் தொடங்கினேன். கூலன்ற் இறக்கி, இடம் வேண்டும் என்பதற்காக றேடியேற்றரையும் கழற்றினேன். வால்வு மூடி, வெளி பெல்ட்டுகள், கிராங்க் தண்டின் புல்லி, உறைகள். உள்ளே பழைய பெல்ட்டில் வெடிப்பில்லை. ஆனால் முன்பக்க சீல் ஒன்று கசிந்து, ஒரு ஓரம் எண்ணெயில் ஊறியிருந்தது. போன தடவை செய்த கராஜ்காரர் சீல் மாற்றவில்லை, காசு மட்டும் எடுத்திருக்கிறார்கள். அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றேன். இதோடு மூன்று குளிர்காலம் ஓடியிருக்கிறேன்.
சீல்கள், இழுவைச் சில்லு, வாட்டர் பம்ப், எல்லாம் புதுசு. பம்ப்பை வேறு பெல்ட்தான் ஓட்டுகிறது, ஆனாலும் இவ்வளவையும் கழற்றினால்தான் அதை எட்டலாம். ஹெட்டின் பின்பக்கத்தில் காம் சென்சரின் ஓ-ரிங்கும் கசிவு. கழற்றமுன் இருந்த இடத்தை வெள்ளைப் பெயின்றால் அடையாளம் வைத்தேன். அது கொஞ்சம் திரும்பினாலும் பற்றவைக்கும் நேரம் பிழைத்துப்போகும்.
பிறகு பற்கள். மேலே, வால்வுகளைத் திறக்கும் தண்டுகளின் நுனியில், இரண்டு காம் சில்லுகள். ஒன்றில் I, மற்றதில் E. இரண்டு குறிக்கும் இடையில் பெல்ட்டில் பத்தொன்பது பல் இருக்கவேண்டும். எண்ணினேன், பத்தொன்பது. கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்றுத் திருப்பி எண்ணினேன், பதினெட்டு. திரும்பவும், பத்தொன்பது. எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துவிட்டது.
பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் ஒஸ்டின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டவைத்த மனுசன். வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பென்சில் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு உரத்து எண்ணினார். பத்தொன்பது. "இனி எண்ணாதை. எண்ண எண்ணப் பிழைக்கும்."

ஒக்டோபர் 5, ஞாயிறு
மூடினேன். கிராங்க் போல்ட் 160 நியூற்றன் மீற்றர். சாவியைத் திருப்பியதும் பிடித்தது. அம்மா யன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

ஒக்டோபர் 8, புதன்
குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக். இது வால்வு லிஃப்ரர், ஒயில் ஏறியதும் அடங்கும், பத்து வருடமாகக் கேட்கிற சத்தம். இன்றைக்கு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது. ஐந்தா, மூன்றா?
நித்திரை இல்லை. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் நிற்கப்போவது எங்கே? நெடுஞ்சாலை 17-இல், சுப்பீரியர் ஏரிக்கரையில், போன் எடுக்காத இடத்தில், மூஸ் குறுக்கே வரும் இருட்டில்.

ஒக்டோபர் 9, வியாழன்
இரவு 11 மணிக்கு ரோர்ச்சோடு போய் மேல்மூடியைத் திரும்பக் கழற்றினேன். பத்தொன்பது.

ஒக்டோபர் 11, சனி
கியர்பெட்டிக்கு 2 லீற்றர், டிஃபுக்கு (பின்சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) 1, இரண்டும் புது எண்ணெய். குளிர்கால ரயர் மாட்டியாச்சு. சீற்றுக்குப் பின்னால் கூரைத்தண்ணி இறங்கும் துவாரங்களில் மேப்பிள் இலைச் சேறு. அடைபட்டால் தண்ணி உள்ளே தேங்கிக் கதவடித் தகட்டைத் தின்னும். மெல்லிய குழாயால் குத்தி, தண்ணி ஊற்றி, கீழே வழிகிறதா என்று பார்த்தேன். இடப்பக்கத் தகட்டில் ஏற்கெனவே விரல் போகிற ஓட்டை. அதற்கு இனி நேரமில்லை.
பொனற்றுக்குள்ளிருந்து மேலெழும்பும் விளக்குகள் இதில். இடது முன்விளக்கு எழும்பச் சுணங்குகிறது.

ஒக்டோபர் 13, திங்கள்
388,790. நன்றியறிதல் நாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அம்மா கறித்தூள் இரண்டு கிலோ வறுத்து இடித்துக் கட்டி வைத்திருந்தா. டிக்கியில் இடமில்லை. போர்வையை எடுத்துவிட்டு அதை வைத்தேன். அம்மா காரைப் பற்றி இன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்
சூ சென் மேரி. 389,490. வெளிக்கிடும்போது அம்மா செருப்பில்லாமல் வாசலில் நின்றா.

ஒக்டோபர் 15, புதன்
வாவா என்ற ஊர். 389,715. ஒயில் கம்பியில் கொஞ்சம் இறக்கம், கால் லீற்றர் ஊற்றினேன். கிளச் எண்ணெய் கோட்டில் அப்படியே, தேன் நிறம். மரத்தன் ஊருக்குப் போக இன்னும் ஏறத்தாழ 180. மழை தொடங்கிவிட்டது. இடது விளக்கு அரைவாசியில் நிற்கிறது. மோட்டரின் குமிழைக் கையால் திருகி எழுப்பலாம், பொனற்றைத் திறக்க