ஒரே கட்டத்துக்குள் இரண்டு எண்

போன வருடம் ஒரு அரசு மருத்துவமனையின் சர்க்கரை, ரத்த அழுத்தப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. திறந்து பார்த்தால் ‘பிபி’ என்று ஒரே கட்டம். அதற்குள் 140/90, 140-90, சில இடங்களில் வெறும் ‘நார்மல்’. நோட்டில் எழுதும் நர்ஸ் அக்காவுக்கு அது போதும். கணக்குப் போடும் கணினிக்குப் போதாது.

மருத்துவமனைக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான ‘ஃபயர்’ (FHIR) தகவல் பரிமாற்றத் தரத்தில் ரத்த அழுத்தம் ஒரே பதிவுதான், ஆனால் மேல் எண்ணும் கீழ் எண்ணும் தனித்தனிக் கூறுகள். மருத்துவ அளவீடு ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவாக வைத்திருக்கும் லாயின்க் (LOINC) குறியீடும் தனி: மேலுக்கு 8480-6, கீழுக்கு 8462-4. அலகும் கூடவே போக வேண்டும். சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் என்றால், டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 126 மில்லிகிராம். அலகில்லாத வெறும் 7-ஐ வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்?

சரி, இதையாவது சமாளித்துவிடலாம். ஆளை அடையாளம் காண்பதுதான் தலைவலி. எஸ். முருகன், முருகன் சு., முருகன் சுப்பையா: மூவரும் ஒருவரா? பிறந்த தேதி கேட்டால் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான். போன் நம்பர் மகனுடையது. அதே நம்பரில் அம்மாவும் இருக்கிறார். அரசின் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணான ஆபா (ABHA) இருந்தால் நல்லது, ஆனால் அது கட்டாயமில்லை. அதனால் உள்ளுக்குள் எங்களுக்கென்று ஒரு எண். ஆபாவுக்குப் பக்கத்தில் தனிக் கட்டம்.

இரண்டு பதிவுகளை இணைத்தாலும் பழையதை அழிக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். இடம் வீண் என்றார்கள். மூன்றாவது வாரமே, வயதுக் கட்டம் காலியாக இருந்த ஒரு தாத்தாவையும் அவர் பெயரையே வைத்திருந்த பேரனையும் திரும்பப் பிரிக்க வேண்டி வந்தது.