மிதிக்கும் கோயிலுக்கு ஒரு படகுப் பயணம்

முதலில் ஓட்டோக்காரரின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நிம்மதியாக எழுத முடியாது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள அம்பலாங்கொடை ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றவரிடம் மாது கங்கைப் படகுத்துறைக்குப் போகவேண்டும் என்றேன். 1,500 ரூபாய் என்றார். துறை இருக்கும் பலபிட்டிய பக்கத்து ஊர்தான். தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னுடைய அரைகுறைச் சிங்களம் வாயைத் திறந்ததுமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வெள்ளைக்காரனும் இல்லை, உள்ளூர்க்காரனும் இல்லை என்று அவர் எடை போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையைச் சொல்லியிருக்க வேண்டும். 1,000 ரூபாய் என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக இறங்கியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்த நான்கைந்து படகுத்துறைகளைக் கடந்து, தனக்குத் தெரிந்த ஒரு கொட்டகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்தவர் எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் ஓட்டோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். என் 500 ரூபாய் தள்ளுபடி எந்த வழியாகத் திரும்பி வரப்போகிறது என்று அப்போது புரிந்தது.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, அக்காவின் பத்து வயது மகன், எழுபதைத் தாண்டிய அம்மா. ஊர் மட்டக்களப்பு. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாவிக்கரையில் பிறந்து, கண்ணா என்று நாங்கள் சொல்லும் கண்டல் மரக் காட்டுக்குள் நண்டு பிடித்து வளர்ந்த ஒருவன், இன்னொரு வாவியையும் இன்னொரு கண்ணாக் காட்டையும் பார்க்கக் காசு கொடுத்துப் படகில் ஏறுவது அம்மாவுக்குப் பெரிய வேடிக்கை. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "நம்முடைய வாவியில் இல்லாத எது அங்கே இருக்கிறது, மகன்?"

"தண்ணீரின் மேல் மிதக்கிற கோயில் இருக்கிறது, அம்மா" என்றேன்.

கொட்டகை வாசலில் மூன்று மொழியிலும் பெரிய பலகை. தமிழில் 'மிதிக்கும் கோயில்' என்று எழுதியிருந்தது. இந்த நாட்டுப் பலகைகளில் தமிழ் படும் பாடு புதிதல்ல என்றாலும், ஓர் எழுத்து மாறியதில் கோயிலே காலைத் தூக்கிவிட்டது. மருமகன் அதை உரக்க வாசித்தான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு முறை பார்த்துவிட்டு, "மிதிக்கிற கோயிலா? என்னுடைய முழங்கால் இருக்கிற நிலைமையில் அதற்கு நான் வரவில்லை" என்றார்.

படகுக்கு 16,000 ரூபாய் கேட்டார்கள். ஆளுக்கு அல்ல, படகுக்கு. அந்த மட்டில் ஆறுதல். அரை மணி நேரம் பேரம் பேசினேன். நடுவில் ஒருமுறை எழுந்து வீதிவரை நடந்தும் காட்டினேன். 9,000 ரூபாயில் முடிந்தது. வென்றுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் உட்கார்ந்தால், காலியிலிருந்து வந்து பக்கத்துப் படகில் ஏறிய குடும்பம் 6,500 கொடுத்ததாகச் சொன்னது. என் மனைவி அதன்பின் வெகுநேரம் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆகவே போகிறவர்கள் கவனிக்க: ஓட்டோவைக் காலி வீதியில் பாலத்தருகே நிறுத்தச் சொல்லி இறங்கி, அது போனபின் நடந்து துறைகளை விசாரியுங்கள். எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதையும் ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். என்னுடையதில் பூட்டு வேலை செய்யவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டேன்.

படகோட்டிதான் வழிகாட்டியும். முப்பது வயது இருக்கும். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும், தமிழில் 'பாருங்க', 'சாப்பாடு' என்ற இரண்டு சொற்களும் தெரிந்தவர். அம்மாவை அவர் "அம்மே" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து ஏற்றிய விதத்தில், கொட்டகைக்காரர் மேலிருந்த கோபத்தில் பாதி எனக்குக் குறைந்துவிட்டது. அம்மா அவரைத் "தம்பி" என்றார். மொழி அதோடு சரி.

மாது கங்கை என்று பெயரில் ஆறு இருந்தாலும் துறையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனதும் அது ஆறாக இருப்பதை மறந்துவிடுகிறது. ஏரிபோல விரிகிறது. பலபிட்டியவில் கடலோடு கலக்கும் தண்ணீர் இது, உப்பும் நன்னீரும் கலந்தது. ரந்தொம்பை என்ற இன்னொரு நீர்ப்பரப்போடு குறுகலான கால்வாய்களால் இணைந்திருக்கிறது. 915 ஹெக்டேர் ஈரநிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2003இல் சேர்ந்தது. மொத்தம் 64 தீவுகள் என்றார் படகோட்டி. மருமகன் எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் ஒரு கபரக்கொய்யாவைக் கண்டு கணக்கை விட்டுவிட்டான். படகு நெருங்கும்வரை அசையாமல் கிடந்த அந்தப் பெரிய உடும்பு, எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. நட்டிருந்த கம்பு ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

பிறகு அது வந்தது. திறந்த தண்ணீரின் நடுவில், மேசை அளவு என்று சொன்னால் மிகை, ஆனால் ஒரு வீட்டு முற்றம் அளவுகூட வராத ஒரு திட்டு. சத பஹ தூவ, அதாவது ஐந்து சதத் தீவு. அதன்மேல் சின்னஞ்சிறு வழிபாட்டிடம் ஒன்று. திட்டு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண்தான் மேலே இருப்பதால், தூரத்தில் நிலமே தெரியவில்லை. கட்டடம் நேரே தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. படகு அசைய அசைய அதுவும் அசைவதுபோல் இருக்கிறது. பலகையில் எழுதியவன் எழுத்தை விட்டாலும் பொய் சொல்லவில்லை. நாங்கள் இறங்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினோம். அம்மா கும்பிட்டார். எந்தச் சாமி என்று கேட்டேன். "தண்ணீருக்கு நடுவே தனியாக இருக்கிறது, எந்தச் சாமியாக இருந்தால் என்ன?" என்றார்.

முதல் நாள் கொழும்பில் சீம மாலக்கம் என்ற பௌத்த கோயிலைப் பார்த்திருந்தோம். பேரே வாவியின் மேல் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1970களில் கட்டியது. அழகானதுதான், நீல ஓடும் மரச் சட்டங்களுமாக. ஆனால் சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எட்டிப்பார்க்கின்றன. அங்கே முன்பு இருந்த பழைய கட்டடம் மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்துபோனதால்தான் இதைக் கட்ட நேர்ந்தது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா அங்கே தரையை அழுத்தி மிதிக்காமலேயே நடந்தார். இந்த ஐந்து சதத் திட்டைப் பார்த்தபின் எனக்குச் சீம மாலக்கம் நினைவிலேயே நிற்கவில்லை.

அடுத்தது கண்டல் காட்டுக்குள் போகும் கால்வாய். இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கைகோத்துக்கொள்கின்றன. வெயில் சட்டென்று அணைந்துவிடுகிறது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் நிறுத்தினார். காசு கொடுத்துப் போகிறவர்கள் இதை ஒன்றைக் கேட்காமல் திரும்பாதீர்கள். கேட்காவிட்டால் அந்த இரைச்சலோடே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எஞ்சின் நின்றதும் சேற்றில் குமிழி உடைகிற சத்தம்கூடக் கேட்டது. முருங்கைக்காய்போலத் தொங்குகிறவை காய்கள் அல்ல, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்றுகள். தாயோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்து, கனம் வந்ததும் விழுந்து, வாய்த்தால் சேற்றில் குத்திட்டு நின்றுவிடும். இல்லையென்றால் மிதந்துபோய் வேறெங்காவது வேர் பிடிக்கும். மருமகனுக்கு நான் இதை விளக்க, படகோட்டி தன் பங்குக்குச் சிங்களத்தில் விளக்க, பையன் இருவரையும் விட்டுவிட்டு வேரில் ஏறிய நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேதான் அம்மா அவரிடம் கையை உயர்த்தி, "சுனாமி?" என்று ஒரே சொல்லைக் கேட்டார். அவர் தன் நெஞ்சுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். அம்மா தன் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். பிறகு அவர் எஞ்சினைக் கிளப்பினார்.

இனி எரிச்சல். கொத்தூவத் தீவுக் கோயிலில் இறங்குவோம் என்று ஏறிய எங்களை அதற்கு முன் கொண்டுபோனது மீன் தொட்டிக்கு. தண்ணீரில் வலைக்கூடு கட்டி, அதற்குள் மீன்களை விட்டிருக்கிறார்கள். காலைத் தொங்கவிட்டால் மீன்கள் வந்து பழந்தோலைக் கடிக்கும். ஆளுக்கு 500 ரூபாய், படகுக் கூலிக்கு வெளியே. மருமகன் காலை வைத்து, கத்தி, எடுத்து, மறுபடி வைத்து, சிரித்து மாய்ந்தான். அவன் காசு வீண் என்று சொல்லமாட்டேன். அம்மாவையும் கூப்பிட்டார்கள். "நாங்கள் மீனைத் தின்கிற ஊர். மீன் என்னைத் தின்பதற்கு நான் காசு கொடுப்பதா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

அடுத்தது கறுவாச் செய்முறை காட்டும் ஒரு தீவு வீடு. விற்பனைக்குத்தான் என்று வாசலிலேயே தெரிந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்காரரின் கையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குச்சியின் வெளித்தோலைச் சுரண்டி எறிந்தார். பித்தளைத் தண்டால் அழுத்தித் தேய்த்தார். சிறு கத்தியால் நீளவாக்கில் கீறி, உட்பட்டையைச் சட்டை கழற்றுவதுபோல் முழுசாக உரித்தெடுத்தார். காகித கனம்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் காய்ந்ததும் சுருண்டுகொள்கிறது. மெல்லிய சுருள் பலவாக இருந்தால் நம்முடைய கறுவா. தடித்த பட்டை ஒற்றையாகச் சுருண்டிருந்தால் அது வேறு மரம். இதைத் தெரிந்துகொண்டதற்கு 1,200 ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்க நேர்ந்தது. கடையில் இதைவிட மலிவு என்று மனைவி திரும்பும் வழியில் சொன்னாள். அங்கே நிற்கும்போது சொல்லியிருக்கலாம்.

கொத்தூவக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. செருப்பைக் கழற்றினால் மணல் பழுக்கக் காய்ச்சிய தோசைக்கல். நானும் மருமகனும் ஓடினோம். அம்மா அவசரமில்லாமல் நிழலுக்கு நிழல் தேடிக் கால் வைத்து நடந்தார். உள்ளே குளிர்ச்சி. சாய்ந்து படுத்த புத்தர், எண்ணெய் வாசம், தாமரைப் பூக்கள். வெளியே அரசமரம், அதைச் சுற்றி வெள்ளைக் கொடிகள், தண்ணீர்க் காற்றில் இலைகள் விடாமல் சலசலக்கின்றன. ஒரு காலத்தில் புத்தரின் பல்லான புனித தந்தத்தை இந்தத் தீவில் ஒளித்து வைத்திருந்ததாக ஒரு கதை உண்டு என்று படகோட்டி சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. எதையாவது ஒளிக்கவேண்டுமென்றால் நானும் இங்கேதான் கொண்டுவருவேன். வயதான துறவி ஒருவர் அம்மாவின் மணிக்கட்டில் பிரித் நூல், அதாவது பௌத்தர்களின் காப்பு நூல், கட்டி, மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிடம். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். படகோட்டிக்குக் கொட்டகையிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது, அடுத்த குழு காத்திருக்கிறதாம். மீனுக்கு இருபத்தைந்து, கறுவாவுக்கு இருபது, கோயிலுக்குப் பன்னிரண்டு. தவறு அந்தப் படகோட்டியுடையது அல்ல. எங்கே காசு கைமாறுகிறதோ அங்கே நேரம் நீளும்படி கொட்டகையில் யாரோ போட்டுவைத்த திட்டம் அது. மீன் வேண்டாம், கறுவா வேண்டாம், கோயிலில் ஒரு மணி நேரம் என்று ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அதற்காக இன்னும் என்னையே நொந்துகொண்டிருக்கிறேன்.

தோளையும் முழங்காலையும் மூடிய உடை, காலை எட்டு மணிக்கு முன் படகு, சில்லறைக் காசு, தொப்பி: இவற்றையெல்லாம் வரிசையாக எழுத நினைத்தேன். ஆனால் சாப்பாட்டுக் கடை நினைவுக்கு வந்துவிட்டது.

காலி வீதியில் பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. மண் சட்டிகள் வரிசையாக. ஆளுக்கு 450 ரூபாய்க்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, தேங்காய்ச் சம்பல், அதற்குமேல் அம்புல் தியல். கொறுக்காய்ப் புளியில் மிளகோடு புரட்டி, நீர் வற்றும்வரை வேகவைத்த சூரைமீன். கறுத்து, இறுகி, கையில் உதிராமல் இருந்தது. வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, பிறகு மிளகு, கடைசியில் மீன். இந்தக் கறி தெற்குக் கரையின் சொத்து. நாங்கள் எல்லா மீனையும் பாலில் போட்டுக் காய்ச்சுகிறவர்கள். இதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். இரண்டாம் முறை வாங்கினேன். மூன்றாம் முறை கேட்கும்போது கடைக்கார அம்மா காசு சேர்க்கவில்லை. ஓட்டோவும் கொட்டகையும் அந்த ஒரு துண்டு மீனில் மன்னிக்கப்பட்டன.

கடைசியில் தயிரும், கித்துள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாணியும் வந்தன. தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பு ஆட்களுக்குத் தயிர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அம்மா கரண்டி நுனியால் எடுத்து, நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாணி நல்ல பாணி" என்றார்.

எழும்போது 900 ரூபாய் கொடுத்து ஒரு போத்தல் பாணி வாங்கி, கறுவாக் கட்டுக்குப் பக்கத்தில் துணி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தயிர் ஊரில் இருக்கிறது.